மரக்காலும் ஆண்டையுடையது, முத்திரையும் ஆண்டையுடையது!

2025 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து ஒரு சேதி வந்தது. டெஸ்லா மோட்டார்க் கம்பெனி தான் விற்ற 63,619 ‘சைபர்டிரக்’ வண்டிகளுக்கு வாபஸ் அறிவிப்பு கொடுத்தது. என்ன காரணம்? பிரேக் பிடிக்கவில்லையா? சக்கரம் கழன்றதா? இல்லை. வண்டியின் முன்பக்கத்துப் பார்க்கிங் விளக்கு சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் பிரகாசமாக எரிகிறதாம். எதிரே வருகிறவனின் கண்ணைக் கூசச் செய்யுமாம்.

இது ஒரு சேதியா என்று தோழர்கள் கேட்கலாம். பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவனும், நடவு முடித்துத் தார் ரோட்டு ஓரமாக நடந்து வருகிற பெண்களும் அப்படிக் கேட்கமாட்டார்கள். எதிர் லாரியின் வெளிச்சம் முகத்தில் அடித்த அந்த இரண்டு நொடியில் முன்னால் இருப்பது ரோடா பள்ளமா என்று தெரியாமல் நின்ற அனுபவம் அவர்களுக்கு உண்டு. அமெரிக்காவிலும் நடந்து போகிறவன் சாவது இருட்டில்தான். அங்கே 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 7,522 பாதசாரிகள் மோட்டார் வண்டிகளில் அடிபட்டு மாண்டார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருட்டு நேரத்துச் சாவுகள். ஆகவே விளக்கு விஷயம் அற்ப விஷயமல்ல.

அந்த 63,619 வண்டிகளும் 2023 நவம்பர் 13ஆம் தேதி முதல் 2025 அக்டோபர் 11ஆம் தேதி வரை தயாரானவை. வண்டியை முதன்முதல் வாடிக்கையாளர் கையில் ஒப்படைத்த விழா நடந்ததோ 2023 நவம்பர் 30ஆம் தேதி. அதாவது மாலை போட்டு, கைதட்டி, முதல் சாவியை நீட்டுவதற்கு முன்பே கோளாறு உள்ளே உட்கார்ந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு வருஷம் அதே விளக்கோடு வண்டிகள் ஓடின. விற்பதற்கு முன் யார் சோதித்தார்கள்? யார் முத்திரை குத்தினார்கள்? நாம் கேட்பது இதைத்தான்.

முதலில் வண்டியைப் பற்றி. பிக்கப் டிரக் என்றால் முன்னால் ஆட்கள் உட்காரவும் பின்னால் சாமான் ஏற்றத் தொட்டியும் உள்ள வண்டி. நம் ஊர்க் குட்டியானையின் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் இது ஏறக்குறைய 3 டன் எடை. பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, பாட்டரியில் ஓடும் மின்சார வண்டி. உடம்பெல்லாம் எவர்சில்வர்த் தகடு. 2019 நவம்பர் 21ஆம் தேதி இரவு முதலாளி எலான் மஸ்க் இதைக் கலிபோர்னியாவில் மேடை ஏற்றினார். உடையாத கண்ணாடி என்று ஜம்பம் அடித்து, இரும்புக் குண்டை எறியச் சொன்னார். கண்ணாடி உடைந்தது. இன்னொரு ஜன்னலில் எறிந்தார்கள். அதுவும் உடைந்தது. உலகமே பார்த்துச் சிரித்தது. அன்று 39,900 டாலர் என்று விலை சொன்னவர்கள், 2023இல் விற்பனைக்கு வரும்போது ஆகக் குறைந்த விலையே 60,990 டாலர் என்றார்கள். விலையை விடுவோம். வாங்குகிறவன் பாடு அது.

நாம் பார்க்கவேண்டியது வேறு. மேடை ஏறிய அந்த மாதிரி வண்டியில் பக்கக் கண்ணாடி இல்லை. முகப்பில் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே விளக்கு. பார்க்க வெகு அழகு. ஆனால் அமெரிக்கச் சட்டப்படி அந்த வண்டி ரோட்டில் ஓட முடியாது. டிரைவர் பக்கத்தில் கண்ணாடி கட்டாயம். ஹெட்லைட்டு தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் கீழே இருக்கக்கூடாது, 54 அங்குலத்துக்கு மேலே போகக்கூடாது. முன்னால் திரும்பும் விளக்கு மஞ்சளாக எரியவேண்டும். பக்கவாட்டில் விளக்கும் வேண்டும், வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லையும் வேண்டும். வண்டியின் அகலம் 80 அங்குலத்தைத் தொட்டால் இன்னும் கூடுதலான அடையாள விளக்குகள் வேண்டும். போர்டு கம்பெனியின் ‘ராப்டர்’ பிக்கப் வண்டியின் மூக்கில் மூன்று சிறிய மஞ்சள் விளக்குகள் வரிசையாக இருப்பது அலங்காரத்துக்கல்ல, இந்தச் சட்டத்துக்காக.

கடைசியில் விற்பனைக்கு வந்த வண்டியில் கண்ணாடி வந்தது, வைப்பர் வந்தது, ஹெட்லைட்டு கீழே பம்பருக்குள் ஒரு பொந்தில் இடம் பிடித்தது. அந்தப் பொந்தின் அடித்தட்டில் பனி சேர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது என்று 2024 குளிர்காலத்தில் வண்டிக்காரர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள். பனி விழும் தேசத்தில் பனியை யோசிக்காமல் விளக்கு வைக்கலாமா? நம் ஊர் கொத்தன்கூடத் தாழ்வாரம் கட்டும்போது மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்பான்.

இந்தச் சட்டங்கள் மோட்டார் முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்தவை அல்ல. 1965இல் ரால்ப் நாடர் என்ற வக்கீல், அமெரிக்க மோட்டார் கார்கள் எப்படி மனிதர்களைக் கொல்கின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் என்ற ராட்சதக் கம்பெனி என்ன செய்தது? காரைத் திருத்தியதா? இல்லை, நாடரின் பின்னால் துப்பறியும் ஆட்களை ஏவியது. குட்டு வெளிப்பட்டு, 1966 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் தலைவர் செனட் கமிட்டி முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே 1966 செப்டம்பரில் மோட்டார் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் கீழ் வந்த 108ஆம் நம்பர் விதிதான் விளக்கு விதி. பக்க விளக்கு 1968இல் வந்ததும் இதன் பயன்தான்.

ஆனால் முதலாளிகள் ஒரு ஓட்டையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்த ஓட்டைதான் இன்றைய விஷயத்தின் உயிர்நாடி. விதியை சர்க்கார் எழுதும். விதிப்படி வண்டி இருக்கிறதா என்று சான்று கொடுப்பது யார்? கம்பெனியே! விற்பனைக்கு முன் எந்த சர்க்கார் அதிகாரியும் வண்டியைத் தொட்டுப் பார்த்து ‘சரி’ என்று சொல்லவேண்டியதில்லை. ‘இந்த வண்டி எல்லா விதிகளுக்கும் உட்பட்டது’ என்று கம்பெனி தானே ஒரு சீட்டை அச்சடித்துக் கதவோரத்தில் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். பிறகு சர்க்கார் கடையில் சில வண்டிகளைக் காசு கொடுத்து வாங்கிச் சோதிக்கும். சிக்கினால் வாபஸ்.

தஞ்சைப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூலி நெல் அளக்கும் மரக்காலும் ஆண்டை வீட்டுடையது, அது சரியான மரக்கால் என்று சொல்லுகிற வாயும் ஆண்டையுடையது என்றிருந்த காலத்தை அவனுடைய பாட்டன் சொல்லிக் கேட்டிருப்பான். அளந்து வாங்க ஒரு மரக்கால், அளந்து கொடுக்க ஒரு மரக்கால். முத்திரை போட்ட அளவு வேண்டும் என்று சங்கம் வைத்துப் போராடித்தான் அது மாறியது. உலகத்திலேயே பெரிய பணக்கார நாட்டில், 3 டன் வண்டி விஷயத்தில் இன்றும் மரக்கால் ஆண்டை வீட்டில்தான் இருக்கிறது!

விளக்கை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இதன் விபரீதம் இன்னும் நன்றாகப் புரியும். இருட்டறையில் ஒரு சுழலும் தாங்கியின் மேல் விளக்கைப் பூட்டுவார்கள். எதிரே தூரத்தில் ஒளியை அளக்கும் கருவி. விளக்கை மேலே கீழே, இடம் வலம் என்று பாகை பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு வெளிச்சம் என்று குறிப்பார்கள். அளவுக்குப் பெயர் காண்டெலா. ஒரு காலத்தில் ஒரு மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தை வைத்துப் பிறந்த அளவு. ரோட்டைக் காட்டும் கோணங்களில் இவ்வளவுக்குக் குறையக்கூடாது, எதிரே வருகிறவன் கண் இருக்கும் கோணங்களில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று விதியில் பட்டியல் இருக்கிறது. நீட்டி அடிக்கும் ஹெட்லைட்டு ஒன்றுக்கு அமெரிக்காவில் உச்சவரம்பு 75,000 காண்டெலா. இதெல்லாம் கஷ்டமான வித்தை அல்ல. ஒரு விளக்கு, ஒரு இருட்டறை, ஒரு கருவி, ஒரு நாள் வேலை. பார்க்கிங் விளக்கு அளவுக்கு மேல் எரிகிறதா என்று கண்டுபிடிக்க ராக்கெட் விடும் கம்பெனி முதலாளிக்கு இரண்டு வருஷம் ஏன் ஆயிற்று?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விதி விளக்கைத்தான் அளக்கிறது. வண்டியில் மாட்டிய பிறகு அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை, புது வண்டி விற்கும் இடத்தில், மத்திய சர்க்கார் விதி கேட்பதில்லை. சோதனைச் சாலையில் யோக்கியமாக இருந்த விளக்கு, வண்டியில் ஏறியபின் ஒரு நூல் மேலே தூக்கிப் பார்த்தால் போதும், எதிரே வருகிறவன் குருடன். 2016இல் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளின் சோதனை நிலையம் 31 நடுத்தரக் கார்களை ராத்திரியில் ரோட்டில் ஓட்டி ஹெட்லைட்டை அளந்தது. நல்லது என்று தேறியது ஒரே ஒரு கார்! 31இல் ஒன்று! அத்தனை கார்களும் சட்டப்படி சரி என்று சீட்டு ஒட்டியவைதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் நம் தோழன் அல்ல. செத்தவனுக்கு ஈடு கொடுக்கும் பணம் குறையவேண்டுமே என்ற கவலையில் அளந்தான். அந்தக் கவலைகூட வண்டி விற்றவனுக்கு இல்லை.

உயரம் விஷயத்தையும் பாருங்கள். 54 அங்குலம் என்றால் நாலரை அடி. ஐரோப்பாவில் தாழ்ந்த வெளிச்சம் தரும் விளக்குக்கு 1,200 மில்லி மீட்டர்தான் உச்சம். அமெரிக்காவில் 1,372 மில்லி மீட்டர். ஒரு சாண் அளவு வித்தியாசம். பிக்கப் வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, அவற்றின் விளக்கு சின்னக் காரில் வருகிறவனின் கண்ணாடிக்கு நேரே, பள்ளிக்கூடப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நிற்கிறது. பெரிய வண்டியில் லாபம் ஜாஸ்தி. ஆகவே வரம்பு இறங்குவதில்லை.

இனி, விற்பனைக்கு முந்திய சோதனை என்று சொல்லப்படுவதன் யோக்கியதை. ஜெர்மன் பத்திரிகை ஒன்றுக்குக் கசிந்த டெஸ்லா கம்பெனி ஆவணங்களில் 2022 ஜனவரித் தேதியிட்ட ஒரு எஞ்சினீயர் அறிக்கை இருந்தது. 2023இல் அது வெளியில் வந்தது. முதற்கட்ட மாதிரி வண்டியில் பிரேக்கு, தொங்கு அமைப்பு, ஓட்டும் பிடிப்பு, இரைச்சல், நீர்க்கசிவு எல்லாவற்றிலும் சிக்கல் என்று எஞ்சினீயர்கள் எழுதிவைத்திருந்தார்கள். மாதிரி வண்டியில் கோளாறு இருப்பது குற்றமல்ல. கோளாறு கண்டுபிடிக்கத்தானே மாதிரி? எழுதிவைத்த அந்த எஞ்சினீயர்கள் யோக்கியர்கள். 2023 அக்டோபரில் மஸ்க்கே பங்குதாரர்களிடம், இந்த வண்டியால் நமக்கு நாமே குழி தோண்டிக்கொண்டோம் என்ற பொருளில் பேசினார். அப்படிப் பேசிய அடுத்த மாதமே வண்டியை விற்பனைக்கு இறக்கினார்.

பிறகு நடந்தது என்ன? 2024 ஏப்ரலில் 3,878 வண்டிகள் வாபஸ். வேகம் கூட்டும் பெடலின் மேல் உறை நழுவி, பெடல் அமுங்கியபடியே சிக்கிக்கொள்ளும் அபாயம். உறையை மாட்டுவதற்கு எளிதாக, அனுமதியில்லாமல் சோப்பு உபயோகித்ததுதான் காரணம் என்று எழுதினார்கள். அந்த ஜூனில் வைப்பர் மோட்டாருக்காக 11,688 வண்டிகள். 2025 மார்ச்சில் பசையால் ஒட்டிய எவர்சில்வர்த் தகடு ஓடும்போதே பிய்ந்து பறக்கும் என்று 46,096 வண்டிகள். 2025 அக்டோபரில் மேலே சொன்ன பார்க்கிங் விளக்கு. அதே மாதம், கூரையில் கூடுதலாக மாட்டும் விளக்குச் சட்டம் கழன்று விழலாம் என்று 6,197 வண்டிகள். ஒட்டுவதற்கு முன் தடவும் பூச்சு தவறானதாம்.

‘சோப்பு’, ‘தவறான பூச்சு’! மில் தோழர்கள் இந்த வார்த்தைகளைக் கூர்ந்து பார்க்கவேண்டும். இப்படி எழுதினால் யார் மேல் பழி விழுகிறது? லைனில் நிற்கும் தொழிலாளி மேல். உறை இறுக்கமாக இருக்கிறது, மாட்ட வரவில்லை, லைன் ஓடிக்கொண்டே இருக்கிறது, பின்னால் சூப்பர்வைசர் நிற்கிறான். சோப்புத் தண்ணீரைத் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. இதைச் செய்தவன் சோம்பேறியா? ‘உறை சரியில்லை, லைனை நிறுத்து’ என்று சொல்ல அவனுக்கு என்ன பாதுகாப்பு உண்டு? அந்தக் கம்பெனியின் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில் சங்கம் காலூன்ற விடவில்லை. 2024 ஏப்ரல் 15ஆம் தேதி உலகம் முழுவதும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வேலைநீக்கம் என்று அறிவித்தார்கள். இந்த வண்டி தயாராகும் டெக்சாஸ் மாகாணத்து ஆஸ்டினில் மட்டும் 2,688 பேர். பெடல் வாபஸ் அதே வாரத்துச் சேதி! வாயைத் திறந்தால் சீட்டுக் கிழியும் என்ற பட்டறையில் கோளாறு எப்படி வெளியே வரும்? ரோட்டில்தான் வரும்.

முதலாளிகளின் வக்கீல்கள் சொல்லும் வாதங்களையும் பார்த்துவிடுவோம். ‘விளக்குக் கோளாறை வண்டியைக் கூப்பிடாமலே, ஆகாய வழியாகக் கம்ப்யூட்டர் புரோகிராமை அனுப்பித் திருத்திவிட்டோம், இதற்கு வாபஸ் என்று பெயரா?’ என்கிறார்கள். அந்த வார்த்தையே காலாவதியானது என்று 2023இல் மஸ்க் முறைத்துக்கொண்டார். மருந்து சீக்கிரம் கொடுத்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நோய் இரண்டு வருஷம் இருந்ததே! ஒரு ராத்திரியில் திருத்தக்கூடிய கோளாறை முதல் ராத்திரியே ஏன் திருத்தவில்லை? யாரும் முன்கூட்டி அளக்கவில்லை அல்லது அளந்தும் பார்க்கவில்லை என்பதுதானே பதில்? ‘விபத்து நடந்ததாகத் தகவல் இல்லை’ என்றும் கம்பெனி சொன்னது. இருக்கலாம். கண் கூசி ரோட்டை விட்டு இறங்கியவன், எந்த வண்டியின் எந்த விளக்கு என்று குறித்துவைத்துக்கொண்டா பள்ளத்தில் விழுவான்?

‘சர்க்கார் விதிகள் விஞ்ஞானத்துக்கு முட்டுக்கட்டை’ என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. எதிரே வண்டி வரும்போது அந்த இடத்தை மட்டும் இருட்டாக்கி மற்ற இடத்துக்கு வெளிச்சம் தரும் நூதன ஹெட்லைட்டு ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் அனுமதி இல்லை. 2013இல் டொயோட்டா மனுக் கொடுத்தது. விதி மாறியது 2022 பிப்ரவரியில். ஒன்பது வருஷம்! இந்தத் தாமதத்துக்கு மருந்து என்ன? போதிய எஞ்சினீயர்கள், போதிய சோதனைச் சாலைகள், போதிய பணம். முதலாளிகளோ அந்த இலாகாவின் கையை வெட்டிவிட்டு, வேலை நடக்கவில்லை பார் என்கிறார்கள். 2024 தேர்தலில் டிரம்ப் கட்சிக்காக மஸ்க் 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். 2025 ஜனவரியில் டிரம்ப் பதவி ஏற்றதும், சர்க்கார் இலாகாக்களில் ஆட்குறைப்புச் செய்யும் படைக்கு அவரே தலைமை தாங்கினார். பிப்ரவரியில், மோட்டார் பாதுகாப்பு இலாகாவிலும் ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். யாருடைய வண்டியைச் சோதிக்கும் இலாகா அது? சொல்லத் தேவையில்லை. மே மாத முடிவில் அவர் அந்தப் பதவியை விட்டுப் போனார்.

ஐரோப்பாவில் முறை வேறு. விற்பதற்கு முன் மாதிரி வண்டியை சர்க்கார் அங்கீகரித்த நிலையத்தில் சோதித்து அனுமதி பெறவேண்டும். 1958இல் ஜெனிவாவில் கையெழுத்தான உடன்பாட்டிலிருந்து வளர்ந்த முறை. நம் நாட்டிலும், 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதிப்படி மாதிரி வண்டி சோதனைக்குப் போகவேண்டும். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள சோதனை நிலையம் அதற்குத்தான். 2025 ஜனவரியில் இங்கிலாந்தில் பரி என்ற ஊருக்கருகே ரோட்டில் வந்த ஒரு சைபர்டிரக்கைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள். அந்த நாட்டின் சான்று அதற்கு இல்லை.

ஐரோப்பிய முறை சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. வோக்ஸ்வாகன் கம்பெனி அங்கே சோதனைச் சாலையில் மட்டும் யோக்கியமாக நடக்கும்படி டீசல் கார்களுக்குச் சொல்லிவைத்து, ரோட்டில் விஷப்புகை கக்கவிட்ட பித்தலாட்டம் 2015இல் உடைந்தது. உடைந்தது எங்கே? அமெரிக்காவில், காரை ரோட்டில் ஓட்டி அளந்தபோது. இதில் இன்னொரு விசித்திரம்: புகை விஷயத்தில் அதே அமெரிக்க சர்க்கார் விற்பதற்கு முன்பே சான்று வாங்கவேண்டும் என்கிறது. புகைக்கு முடியும் என்றால் விளக்குக்கு ஏன் முடியாது?

ஆகவே நாம் கேட்பது கடினமான காரியம் அல்ல. விற்பதற்கு முன் வண்டியை அந்நியக் கை அளக்கட்டும். விளக்கைத் தனியே கழற்றி வைத்து அல்ல, வண்டியில் பூட்டி, சாமான் ஏற்றி, ராத்திரியில் ரோட்டில் நிறுத்தி, எதிரே ஒரு ஆளின் கண் இருக்கும் உயரத்தில் அளக்கட்டும். விற்ற பிறகும் கடையிலிருந்து எடுத்து மறுபடி அளக்கட்டும். அளந்த கணக்கை ஊரறிய அச்சடிக்கட்டும். உறை ஏறவில்லை என்று கண்ட தொழிலாளி லைனை நிறுத்தினால் அவன் சீட்டைக் கிழிக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வரட்டும்.

ஒரு காலத்தில் நம் ஊர்களில் விளக்கில்லாமல் சைக்கிளில் போனவனைப் போலீஸ்காரர் மடக்கி, காற்றைப் பிடுங்கிவிட்டு, அபராதமும் போட்டார். மாட்டு வண்டிக்காரன் அச்சுக்குக் கீழே லாந்தர் தொங்கவிட மறந்தால் கோர்ட்டு. அவன் ‘என் விளக்கு சரியாக எரிகிறது என்று நானே சீட்டு எழுதிக்கொள்கிறேன், ஐயா’ என்று சொல்லியிருந்தால் ஏட்டு என்ன செய்திருப்பார்?